பாதித் தோப்பை விட்டுவையுங்கள்: போச்சம்பள்ளி பக்கத்து மா விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், பெரியப்பா சித்தப்பாக்களுக்கும் வணக்கம்.

போன வாரக் கூட்டத்தில், மாமரம் நன்றாகக் காய்க்க ஊற்றுகிற டானிக்கை விற்கிற கம்பெனியிலிருந்து வந்தவர் செல்போனில் இரண்டு போட்டோ காட்டினாரே, ஒன்றில் ஒரு பிஞ்சுகூட இல்லாமல் வெறும் இலையாக நிற்கிற மரம், அடுத்ததில் அதே மரம் கிளைக்கு முட்டுக் கொடுக்கிற அளவுக்குக் காய்த்துத் தொங்குகிறது. அப்போது பின் பெஞ்சில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாருக்கு எத்தனை கேன் என்று பேர் எழுத ஆரம்பித்ததும் எழுந்து பேசலாமா என்று இருந்தது, ஆனால் இது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். தருமபுரியில் ஒரு கல்லூரியில் 11 வருடமாகப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அதைவிட, நானும் உங்களைப் போலவே பூ உதிர்ந்தால் சோறு இறங்காத வீட்டில் வளர்ந்தவள்.

நான் கேட்பது இதுதான். வாங்குவதென்றால் வாங்குங்கள், ஆனால் இந்த வருடம் பாதி மரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள். எந்தப் பாதி என்பதை நீங்களும் முடிவு செய்ய வேண்டாம், கம்பெனிக்காரரும் முடிவு செய்ய வேண்டாம், காசைச் சுண்டிப் பாருங்கள்.

அவர் பேசும்போது இடையில் ஒன்று சொன்னார், கவனித்தீர்களா தெரியவில்லை. "போன வருசம் எந்த மரம் காய்க்கலையோ அந்த மரமா பார்த்து ஊத்துங்க, அதுலதான் வித்தியாசம் நல்லாத் தெரியும்" என்றார். அவர் சொன்னது உண்மை, வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் அந்த மரத்துக்கு வெறும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாலும் அதே வித்தியாசம் தெரியும்.

அப்பா 20 வருடமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறார், உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், அட்டை போய் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது. மரத்துக்கு ஒரு நம்பர், வருடத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் எத்தனை கிரேட், அதாவது எத்தனை பெட்டிக் காய், இறங்கியது என்று. கிணற்று மேட்டில் நிற்கிற 14ஆம் நம்பர் அல்போன்சா மரத்தின் எட்டு வருட வரிசையை அப்படியே எழுதுகிறேன்: 8, 2, 9, 1, 7, 3, 9, 2. இதில் 2க்குப் பிறகு 9 வந்த வருடத்தில் யாராவது ஒரு கேன் ஊற்றியிருந்தால், அந்த 9 முழுக்க அந்தக் கேனின் கணக்கில் போயிருக்கும். 1க்குப் பிறகு 7 வந்ததும் அப்படித்தான். அல்போன்சாவும் மல்கோவாவும் ஒரு வருடம் காய்த்து ஒரு வருடம் ஓய்கிற சாதி என்பது நம் தாத்தாக்களுக்கே தெரியும். காய் சுமந்த கிளை அறுப்பு முடிந்து தாமதமாகத்தான் கொழுந்து தள்ளும், அந்தக் கொழுந்து முற்றிப் பூக்கிற பதத்துக்கு வருவதற்குள் மார்கழி தை போய்விடும். நீலமும் பெங்களூராவும் இந்த விஷயத்தில் பரவாயில்லை, கூடியவரை வருடா வருடம் காய்க்கும். கம்பெனிக்காரர் காட்டிய இரண்டு போட்டோவும் அல்போன்சா, அதையும் பார்த்தீர்களா?

இது மாமரத்துக்கு மட்டும் உள்ள விஷயமும் இல்லை. எதிலும் மிக மோசமான வருடத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டால் அடுத்த வருடம் பெரும்பாலும் அதைவிடக் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவ்வளவு மோசமாக இருக்கப் பல கெட்டது ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும், அத்தனையும் மறுபடி ஒன்றாகச் சேராது. இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்று பாடத்தில் சொல்கிறோம். தலைவலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மாத்திரை போடுகிறோம், மழை பொய்த்து ஊரே வாடும்போதுதான் பொங்கல் வைக்கிறோம், தோப்பு காய்க்காத வருடத்தில்தான் டானிக் வாங்குகிறோம். அதற்குப் பிறகு நல்லது நடந்தால் கடைசியாகச் செய்த காரியத்துக்கே பேர் போகிறது.

சரி, "பத்துத் தோப்பில் எட்டில் காய்ப்பு கூடியிருக்கு, டானிக் கூடக் கூடக் காய்ப்பும் கூடுது" என்று அவர் ஒரு கணக்கும் சொன்னார். இரண்டு விஷயம் சேர்ந்து கூடுவது அல்லது ஒன்று கூட ஒன்று குறைவது, இதற்குப் பேர் ஒட்டுறவு. பிள்ளைகளின் பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கும். அதை அளக்க ஒரு எண் உண்டு, மைனஸ் 1லிருந்து பிளஸ் 1 வரை போகும், 0 என்றால் நேர்கோட்டில் சேர்ந்து போகிற போக்கு எதுவும் இல்லை, 1 என்றால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் சேர்ந்து ஏறுகின்றன. அந்த எண் சொல்வது அவ்வளவுதான். எது எதை இழுக்கிறது என்று அது சொல்லாது, சொல்லவும் தெரியாது.

நம் ரோட்டையே பாருங்கள். சித்திரை வைகாசியில் மண்டிக்கு மாங்காய் லாரி கூடும், அதே மாசத்தில் ஊருக்குள் தண்ணி லாரியும் கூடும். இரண்டையும் வாரா வாரம் எண்ணி எழுதினால் ஒட்டுறவு நல்ல உயரமாகவே வரும். மாங்காய் லாரியை நிறுத்தினால் தண்ணிப் பஞ்சம் தீரும் என்று யாரும் சொல்ல மாட்டோம், ஏனென்றால் இரண்டுக்கும் பின்னால் வெயில் நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. டானிக் விஷயத்தில் பின்னால் நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிற இரண்டு விஷயத்தை எடுத்தால் இன்னும் மோசம். கடந்த 20 வருடத்தில் செல்போன் எண்ணிக்கையும் கூடியது, நம் பக்கம் போர் போடுகிற ஆழமும் கூடியது. யூல் என்று ஒரு இங்கிலாந்துப் புள்ளியியலாளர் 1926ல் இதையே எழுதிவைத்தார். 1866லிருந்து 1911 வரை அந்த நாட்டில் சர்ச்சில் நடந்த கல்யாணங்களின் விகிதமும் இறப்பு விகிதமும் சேர்ந்தே இறங்கியிருந்தன, ஒட்டுறவு 0.95. கல்யாணத்தை சர்ச்சில் வைத்ததால் ஆள் செத்தார்கள் என்று அர்த்தமா? காலம் போகப் போக இரண்டும் வேறு வேறு காரணத்தால் குறைந்தன.

அப்புறம் அந்தப் பத்துத் தோப்பு யாருடையது என்று கேட்க வேண்டும். போன வருடம் முன்பணம் கொடுத்து டானிக் வாங்க முடிந்தவர்கள் யார்? சொட்டுநீர் போட்டவர்கள், கிணற்றில் தண்ணீர் நிற்கிறவர்கள், தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் நேரத்துக்கு மருந்து அடிக்கிறவர்கள், தோப்பைக் குத்தகைக்கு விடாமல் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்களுடைய தோப்பு டானிக் இல்லாமலும் நம்மைவிட நன்றாகத்தான் காய்த்திருக்கும். குத்தகைக்கு விட்ட தோப்பையும் சொந்தமாகப் பார்க்கிற தோப்பையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்துக்குக் கேன்தான் காரணம் என்றால் எப்படி? இன்னொன்று, ஊற்றியும் காய்க்காதவர் போட்டோ எடுத்து அனுப்பவே மாட்டார். அவருடைய மரம் அந்த செல்போனுக்குள் வரவே வராது.

சில நேரம் காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கும். "மருந்து அதிகமா அடிக்கிற தோப்புலதான் தத்துப்பூச்சி அதிகம்" என்று நம் பக்கம் அடிக்கடி சொல்வார்கள். பூச்சி அதிகமாக வந்ததால் அதிகமாக அடித்திருக்கலாம். அல்லது கண்ட மருந்தையும் அடித்துப் பூச்சியைத் தின்கிற சிலந்தி, பொறிவண்டு எல்லாம் செத்துப்போய், அதனாலேயே தத்துப்பூச்சி திரும்பப் பெருகியிருக்கலாம், அதுவும் உண்மையில் நடக்கிறதுதான். இரண்டு கதையும் ஒரே ஒட்டுறவைத்தான் கொடுக்கும். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எது சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, எது முதலில் வந்தது என்று நாள் போட்டு எழுதிவைத்திருந்தால் பாதி விடை கிடைக்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்போ எதையுமே நம்பாதேன்னு சொல்றியாம்மா" என்று அண்ணன் ஒருவர் போனில் கேட்டார். அப்படிச் சொல்லவில்லை. சேர்ந்து வருவதைப் பார்த்துத்தான் முதலில் சந்தேகமே வரும், அந்தச் சந்தேகம் இல்லாவிட்டால் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.

பல்லில் காவிக் கறை. நம் வீடுகளில் ஒருத்தருக்காவது இருக்கும். எங்கள் பெரியம்மா சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார், பொண்ணு பார்க்க வந்த நாளிலிருந்து வந்த பழக்கம் என்று அம்மா சொல்வார். கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் ஒரு பேச்சு, வெற்றிலை என்று ஒரு பேச்சு, பரம்பரை என்று ஒரு பேச்சு. ஒரே குடும்பத்தில் எல்லாருக்கும் இருந்தால் பரம்பரை என்று தோன்றத்தானே செய்யும்? ஆனால் வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள்களைப் பாருங்கள். அதே வீடு, அதே பானை, அதே தண்ணீரை 30 வருடம் குடித்தும் அவர்கள் பல் வெள்ளையாக இருக்கும், அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குக் கறை இருக்கும். அப்படியென்றால் தண்ணீர் இல்லை போலிருக்கிறது என்று ஒருவர் முடிவுக்கு வந்திருந்தால் பெரிய தப்பாகியிருக்கும். பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற சின்ன வயதில் குடித்த தண்ணீர்தான் எனாமலில் கறையாகப் படிகிறது, பல் முளைத்து முடிந்த பிறகு வந்தவர்களுக்கு அந்தக் கறை வராது.

அமெரிக்காவில் கொலராடோ பக்கம் 1901ல் வேலைக்குப் போன மக்கே என்கிற பல் டாக்டர் இதே காட்சியைத்தான் பார்த்தார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கறை, பெரியவர்களாகி வந்து குடியேறியவர்களுக்கு இல்லை. அப்புறம் ஐடஹோவில் ஓக்லி என்ற சின்ன ஊரில், புதிதாகக் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகு பிள்ளைகளுக்குக் கறை வருகிறது என்று தாய்மார்கள் சொல்ல, இவர் அந்தத் தண்ணீரை விட்டுவிடச் சொன்னார். 1925ல் ஊர் வேறு ஊற்றுக்கு மாறியது, அதற்குப் பிறகு பல் முளைத்த பிள்ளைகளுக்குக் கறை இல்லை. தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பது 1931ல்தான் தெரிந்தது, சர்ச்சில் என்கிற வேதியியலாளர் அது ஃபுளோரைடு என்று அளந்து சொன்னார். 1937ல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கத்தில், இதே ஃபுளோரைடு எலும்பையும் முடக்கிப்போடுகிறது என்று டாக்டர்கள் எழுதினார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இன்றைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நம் பாறைக்குள் ஊறி வருகிற தண்ணீரில் பல இடத்தில் அதைத் தாண்டி இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குப் பேரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் வருகிற நோய்) தணிப்பு என்று சேர்த்தார்கள், 2013ல் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது.

இங்கே தண்ணீரும் கறையும் சேர்ந்து வந்தன என்பதோடு யாரும் நிறுத்தவில்லை. தண்ணீர் முதலில், கறை பிறகு என்ற வரிசை சரியாக இருந்தது. ஃபுளோரைடு கூடுகிற ஊரில் கறையும் கூடியது. தண்ணீரை மாற்றினார்கள், கறை நின்றது. உள்ளே என்ன நடக்கிறது என்பதும் புரிந்தது. இவ்வளவு சேர்ந்த பிறகுதான் காரணம் என்று சொன்னார்கள். புகையிலை விஷயமும் இப்படித்தான். 1950ல் டால், ஹில் என்கிற இரண்டு இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் லண்டன் நோயாளிகளை வைத்துச் சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் சேர்த்துக் காட்டினார்கள், 1951லிருந்து சுமார் 40,000 டாக்டர்களைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள், சிகரெட் எண்ணிக்கை கூடக் கூடச் சாவு கூடியது, விட்டவர்களுக்குக் குறைந்தது. அப்போதும் ஃபிஷர் என்கிற பெரிய புள்ளியியலாளர், புகைக்கிற ஆசையும் புற்றுநோயும் ஒரே பரம்பரைக் குணத்திலிருந்து வரலாம், சேர்ந்து வருவதாலேயே காரணம் ஆகிவிடாது என்று பிடிவாதமாக நின்றார். சிகரெட் கம்பெனிகளுக்கு அவர் ஆலோசகராகவும் இருந்தார். "ஒட்டுறவு காரணம் ஆகாது" என்கிற வாக்கியத்தை விற்கிறவனும் கேடயமாகப் பிடிக்கலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நாளைக்கு ஒரு மருந்தால் தேனீ சாகிறது என்று நாம் சந்தேகப்பட்டால், அந்தக் கம்பெனி இதே வாக்கியத்தை நமக்குப் பாடம் எடுக்கும்.

அதே ஃபிஷர்தான் நமக்கு வேண்டிய வழியையும் கொடுத்துவிட்டுப் போனவர், அதுவும் வயலில் வைத்து. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்று ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையம், அங்கே 1843லிருந்து ஒரே வயலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லாமல் கோதுமை விதைத்து எழுதிவருகிறார்கள். நம் கோயம்புத்தூரிலும் 1909லிருந்து இதே மாதிரி நிரந்தர உரப் பரிசோதனை நடக்கிறது. எதுவுமே போடாத துண்டு ஒன்றைப் பல தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள், மற்ற துண்டுகள் சொல்வதற்கெல்லாம் அந்தப் பட்டினித் துண்டுதான் சாட்சி. ஃபிஷர் 1919ல் ரோதம்ஸ்டெட்டுக்கு வந்து சேர்த்த பெரிய விஷயம், எந்தத் துண்டுக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும் என்பது.

ஏன் குலுக்க வேண்டும் என்பதை எங்கள் தோப்பிலேயே கற்றுக்கொண்டேன். நாலு வருடத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியின் டானிக் வந்தது. ஒரே நாளில் நட்ட அல்போன்சா மரங்களில் 24 எடுத்துக்கொண்டு, நோட்டைப் பார்த்து, முந்தின வருடம் ஒரே மாதிரி காய்த்த பக்கத்துப் பக்கத்து மரங்களாக 12 ஜோடி சேர்த்தோம். ஒவ்வொரு ஜோடியிலும் அப்பா ஐந்து ரூபாய்க் காசைச் சுண்டுவார், பூவா தலையா பார்த்து ஒரு மரத்துக்கு டானிக், இன்னொன்றுக்கு அதே அளவு வெறும் தண்ணீர். மூன்றாவது ஜோடியிலேயே பிரச்சினை. 14ஆம் நம்பருக்கு, அதாவது தாத்தா கையால் ஒட்டுக்கட்டிய மரத்துக்கு, தண்ணீர் என்று விழுந்தது. அப்பா காசைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இந்த மரத்துக்கு மட்டும் ஊத்திடலாம்மா, கிணத்துப் பக்கம் இருக்கு, நல்லா எடுக்கும்" என்றார். அதேதான் நடக்கும், நாமே தேர்ந்தெடுத்தால் நல்லா எடுக்கிற மரத்துக்குத்தான் கை போகும், அப்புறம் நன்றாகக் காய்த்தது கிணற்றாலா கேனாலா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். காசுக்கு 14ஆம் நம்பர் யார் ஒட்டுக்கட்டியது என்று தெரியாது. கிணற்றுப் பக்கம், மண் வளம், மரத்தின் வயது, நாம் பார்த்த வித்தியாசம், பார்க்காத வித்தியாசம் எல்லாவற்றையும் அது இரண்டு பக்கத்துக்கும் பாரபட்சம் இல்லாமல் பங்கு போடும். அப்பா கடைசியில் தண்ணீர்தான் ஊற்றினார்.

எந்த மரத்துக்கு எது என்று எழுதிய தாளை அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். காய் பறிக்க வந்தவர்களுக்கும் கிரேட் எண்ணியவர்களுக்கும் தெரியாது. தெரிந்தால் டானிக் மரத்துக் கிரேட்டைக் கொஞ்சம் குறைவாக நிரப்பி ஒன்று கூட எண்ணத் தோன்றும், வேண்டுமென்றே செய்வதில்லை, கை தானாகச் செய்யும்.

அறுப்பு முடிந்து பெட்டியைத் திறந்து பார்த்தால் 12 ஜோடியில் 7ல் டானிக் மரம் கூடக் காய்த்திருந்தது, 5ல் தண்ணீர் மரம். அப்பாவுக்குச் சந்தோஷம், 7 பெரிசுதானே என்றார். அம்மாவிடம் அதே ஐந்து ரூபாயைக் கொடுத்து 12 தடவை சுண்டச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து சுண்டினார், தலை 5 வந்தது. மறுபடி 12 தடவை, இந்த முறை 8. அப்புறம் 6, அப்புறம் 7. அம்மா காசைக் கீழே வைத்துவிட்டு, "காசுக்கு யாரும் டானிக் ஊத்தலையே, அதுக்கே எட்டு வருது" என்றார். நான் வகுப்பில் ஒரு வாரம் நடத்துகிற பாடம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கணக்கு போட்டும் பார்க்கலாம். டானிக்குக்கு ஒரு சக்தியும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 12 ஜோடியில் 7 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வருவதற்கு 100ல் 39 வாய்ப்பு இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேல் வருவதற்கு 100ல் 2தான். அதனால் எங்களுக்கு 10 வந்திருந்தால் நான் முதல் ஆளாக நம்பியிருப்பேன். 7 வந்ததற்கு டானிக் வேலை செய்யவில்லை என்றும் அர்த்தம் இல்லை, 12 ஜோடியை வைத்துச் சொல்ல முடியாது என்றுதான் அர்த்தம்.

இந்த இடத்தில்தான் நீங்கள் எல்லாரும் வேண்டும். மூன்று ஜோடிக்கு இரண்டில் டானிக் மரம் ஜெயிக்கிறது என்று வையுங்கள். என் தோப்பு மட்டும் என்றால் 12க்கு 8, அது தற்செயலாகவே 100ல் 19 தடவை வரும், ஒன்றும் சொல்ல முடியாது. ஐந்து தோப்பு சேர்ந்து 60 ஜோடி வைத்தால் 40, அது தற்செயலாக வருவதற்கு 100ல் 1கூட இல்லை. விகிதம் அதேதான், ஆனால் தனியாக நின்றால் வாய் திறக்காத கணக்கு ஐந்து பேர் சேர்ந்தால் பேசும். கம்பெனியில் கேட்டுச் சொல்லாத பதிலை நம் மரங்களே நமக்குச் சொல்லும், அடுத்த வருடம் எத்தனை கேன் என்று முடிவு செய்வதற்கு அதைவிட என்ன வேண்டும்?

ஊற்றாத பாதியில் நஷ்டம் வந்தால் யார் கொடுப்பார்கள் என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாதித் தோப்பை விட முடியாவிட்டால் தோப்புக்கு 12 ஜோடி, 24 மரம் போதும், மற்றதை உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள். டானிக் நல்லதாகவே இருந்தாலும் 12 மரத்தில் ஒரு வருடக் கூடுதல்தான் போகும், உதவாததாக இருந்தால் இனி வருகிற எல்லா வருடத்துக் கேன் காசும் மிஞ்சும். பூக்க வைக்க நாம் கல்டார் ஊற்றுகிறோமே, அது மரத்துக்குள் ஜிப்ரலின் என்கிற வளர்ச்சி ஹார்மோன் உருவாவதைத் தடுத்து, கொழுந்துக்குப் போகிற சக்தியைப் பூ பக்கம் திருப்புகிறது. ஊற்றாத மரங்களை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பல இடத்தில் சோதித்துத்தான் அதை ஏற்றுக்கொண்டார்கள், அதனால் அதன் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. கூட்டம் முடிந்த பிறகு கம்பெனிக்காரரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி, ஊற்றாத மரம் எங்கே என்று. அவர் மறுபடியும் முதல் போட்டோவைக் காட்டினார். அது அதே மரத்தின் முந்தின வருடம். இந்த வருடம் ஊற்றாமல் விட்டிருந்தால் அந்த மரம் என்ன காய்த்திருக்கும் என்பதை யாராலும் பார்க்க முடியாது, அதற்காகத்தான் பக்கத்து மரத்தைக் கடன் கேட்கிறோம்.

செய்கிறவர்களுக்குச் சில விஷயம் மட்டும். ஜோடி சேர்க்கும்போது ஒரே சாதி, ஒரே வயது, போன வருடம் ஒரே மாதிரி காய்த்ததாகப் பாருங்கள், நோட்டு இல்லாதவர்கள் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்லுங்கள், சும்மா இருப்பதற்கு அது மேல். ரோட்டோரத்து மரமும் வரப்போரத்து மரமும் வேண்டாம். இரண்டு மரத்துக்கும் நடுவே ஒரு மரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் வேர் போய்க் கலந்துவிடும். மற்ற மருந்து, உரம், தண்ணீர் இரண்டுக்கும் ஒன்றுபோலவே போக வேண்டும். காசு விழுந்த பிறகு மாற்றக் கூடாது, தாத்தா ஒட்டுக்கட்டிய மரமாக இருந்தாலும்.

புரட்டாசிக்குள் ஊற்ற வேண்டும் என்றார்கள், அதனால் நாள் அதிகம் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நம்மில் பாதிப் பேர் எப்படியும் போச்சம்பள்ளி சந்தைக்கு வருவோம். காலை 8 மணியிலிருந்து மாட்டுச் சந்தைப் பக்கத்து டீக்கடையில் அப்பாவும் நானும் இருப்போம், கோடு போட்ட நோட்டு ஐந்தும், மரத்தில் நம்பர் எழுத வெள்ளைப் பெயிண்ட்டும் பிரஷ்ஷும் கொண்டுவருகிறேன். சங்கத்தில் கேனுக்குப் பேர் எழுதுகிற அண்ணனிடம், கேன் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஜோடி எண்ணிக்கை என்று இன்னொரு கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன். முதல் வரியில் எங்கள் தோப்பு, 12 என்று எழுதியாகிவிட்டது.

இப்படிக்கு,
கிணற்று மேட்டுத் தோப்பு வீட்டுப் பெண்